நீ சொன்ன ‘விடாதீங்க’

தம்பிக்கு, அம்மா எழுதிக்கொள்வது.

இங்கே எல்லோரும் நலம் என்று எழுதித் தொடங்காவிட்டால் நீ சாவுச் செய்தி என்று பயந்துவிடுவாய் என்பதால், அதை முதலில் சொல்லிவிடுகிறேன். யாரும் சாகவில்லை. உங்கப்பாவின் முழங்கால் வலித்த இடத்திலேயே வலிக்கிறது. கே.கே. நகருக்குக் குழாய்த் தண்ணீர் எப்போது வரும் என்பது நீ துபாய்க்குப் போவதற்கு முன்பு யாருக்கும் தெரியாமல் இருந்தது போலவே இப்போதும் தெரியவில்லை. வீட்டில் நிம்மதி மட்டும் இல்லை. போன வெள்ளிக்கிழமை நீ போனில் உங்கப்பாவிடம் சொன்ன ஒரு சொல்லோடு அது போய்விட்டது. அந்தச் சொல்லைப் பற்றித்தான் எழுத உட்கார்ந்திருக்கிறேன். போனில் பேசியிருக்கலாமே என்று கேட்பாய். போனில் நீயும் நானும் பேசுவதில்லை, நீ பேசுகிறாய். கார்டில் நிமிஷம் ஓடுகிறது என்று சொல்லிவிட்டு நீயே வைத்தும்விடுகிறாய். கடிதத்தில் உனக்கு அந்த வசதி கிடையாது. படிக்கலாம், அல்லது கிழிக்கலாம். இதில் ரகசியமும் ஒன்றுமில்லை. உங்கப்பா பக்கத்து நாற்காலியில் பேப்பர் படிப்பது போல உட்கார்ந்து இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருக்கிறார். உன் அக்காவுக்கும் ஒரு நகல் அனுப்பப் போகிறேன். பிள்ளை பெற்ற யார் வேண்டுமானாலும் படிக்கலாம்.

உன் மனைவி மகேஸ்வரிக்கு அரசுக் கால்நடை மருந்தகத்தில் உதவி மருத்துவராக உத்தரவு வந்திருக்கிறது, ஆண்டிபட்டிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர், திங்கட்கிழமை சேரவேண்டும் என்று உங்கப்பா சொன்னார். நீ, “அவளை விடாதீங்க” என்றாய். பிறகு, போனால் திரும்ப அந்த வீட்டுக்கு வரவேண்டாம் என்று சொல்லிவிடுங்கள் என்றாய். உன் குரல் கடல் தாண்டி வருவதால் சத்தமாகப் பேசவேண்டும் என்று நீ இன்னமும் நம்புகிறாய். உங்கப்பா ரிசீவரைக் காதிலிருந்து ஒரு சாண் தள்ளித்தான் பிடித்திருந்தார். ஆகையால் நான் கேட்டேன். சமையலறை வாசலில் நின்ற மகேஸ்வரியும் கேட்டாள்.

இரண்டாவதாக நீ சொன்னது கோபத்தில் சொன்னது என்று வைத்துக்கொள்ளலாம். முதலில் சொன்னது அப்படியில்லை. ‘விடாதீங்க’ என்பது நம் வீட்டில் புழங்குகிற சொல். குழம்புக்கு உப்பு போடச் சொல்வதுபோல, யோசிக்காமல் உன் வாயில் வந்தது. நான் எழுத உட்கார்ந்தது அதனால்தான். நம் பக்கத்தில் இந்தச் சொல் இல்லாமல் ஒரு பெண்ணைப் பற்றிப் பேசவே முடியாது. பெண்ணைப் படிக்க விட்டோம், வேலைக்கு விட்டிருக்கோம், சினிமாவுக்கு விட்டோம், ஃப்ரீயா விட்டிருக்கோம். பையனைப் பற்றி யாரும் அப்படிச் சொல்வதில்லை. ‘பையனைத் துபாய்க்கு அனுப்பியிருக்கோம்’ என்கிறோம். உன்னைத் துபாய்க்கு விட்டிருக்கிறோம் என்று நான் கோயிலில் யாரிடமாவது சொன்னால், உனக்குப் புத்தி சரியில்லையோ என்று விசாரிப்பார்கள். அனுப்பப்பட்டவன் போய்ச் சேரலாம். விடப்பட்டவள் திரும்பி வரவேண்டும். பட்டம் விடுகிறவன் கையிலும் நூல் இருக்கிறது. அவனியாபுரத்தில் பொங்கலுக்கு மாடு விடுகிறார்கள். வாடிவாசலைத் தாண்டிய மாட்டிடம் எத்தனை மணிக்கு வருவாய் என்று யாரும் கேட்பதில்லை, ஆனால் வீட்டார் கயிற்றோடு தேடிக்கொண்டு போகத்தான் செய்கிறார்கள். சுதந்திரத்தைப் பற்றி நான் நூலகத்தில் எடுத்துப் படித்த புத்தகங்கள் எல்லாம் தடித்தடியானவை. ஒன்றிலும் விளக்கு வைக்கும் நேரத்தைப் பற்றிக் குறிப்பு இல்லை. எழுதியவர்கள் அனுப்பப்பட்டவர்களாக இருக்கவேண்டும்.

உனக்குப் பெண் பார்க்கச் சமயநல்லூருக்குப் போனதை நினைத்துப் பார். மெயின் ரோட்டில் மாட்டுத் தீவனக் கடை, கடைக்குப் பின்னால் வீடு, வீடெல்லாம் புண்ணாக்கு வாசனை. மகேஸ்வரியின் அப்பா நம்மை உட்காரவைத்துவிட்டு நின்றுகொண்டே பேசினார். உன் சம்பளத்தைக் கேட்கவில்லை, நீ குடிப்பாயா என்று கேட்கவில்லை. அந்த மனிதர் கேட்டது ஒன்றுதான். “மாட்டு டாக்டருக்குப் படிச்சிருக்குண்ணே. ஆசைப்பட்டுப் படிச்சது. வேலைக்கு விடுவீங்களா?” உங்கப்பா, அதற்கென்ன, தாராளமாக விடுவோம் என்றார். நீ அதற்கு மேல் ஒரு படி போனாய். “நான் பிராட் மைண்டட் மாமா” என்றாய். அவருக்கு அது புரிந்ததோ இல்லையோ, உன் முகத்தைப் பார்த்து நல்ல விஷயம்தான் என்று எடுத்துக்கொண்டார். மகேஸ்வரி காபித் தம்ளர்களை எடுக்க வந்தவள், ஒரு நொடி நின்று உன்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையை வெட்கம் என்று நாம் திரும்பி வரும்போது வேனில் பேசிக்கொண்டோம். எடை போடுகிற பார்வை அது. தீவனக் கடையில் வளர்ந்த பெண்.

உங்கப்பாவைக் குறை சொல்வதாக நினைக்காதே. (அவர் இப்போது பேப்பரை மடித்துவிட்டார்.) நான் கல்யாணமான அடுத்த வருஷம் தட்டச்சர் வேலைக்குத் தேர்வாகி, ஓய்வு பெறும்வரை கலெக்டர் ஆபீசில் இருந்தேன். மாங்கு மாங்கென்று தட்டியது நான். ஆனால் அத்தனை வருஷமும் சொந்தக்காரர்கள் பாராட்டியது உங்கப்பாவைத்தான். ‘மனுசன் அந்தக் காலத்துலயே பொண்டாட்டிய வேலைக்கு விட்டாரு’ என்பார்கள். நான் போனதைவிட அவர் விட்டது பெரிய காரியமாக நின்றுவிட்டது. எனக்குப் பணிநிறைவு விழா நடத்தினார்களே, அதில் உங்கப்பாவுக்குப் பொன்னாடை போர்த்தினார்கள், ஞாபகம் இருக்கிறதா? எனக்கு ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தார்கள். நேரத்துக்கு வீடு வந்து சேர்ந்ததற்காக என்று வைத்துக்கொண்டேன். உங்கப்பா நல்ல மனிதர். ஒரு நாள்கூட என்னைத் தடுத்ததில்லை. தடுக்க வேண்டிய அவசியமே வராமல் நான் நடந்துகொண்டேன் என்பதை அவரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை.

நீயும் இதைப் புத்தகத்தில் படித்துக் கற்றுக்கொள்ளவில்லை. உன் அக்கா பத்தாவது படிக்கும்போது மாலையில் கணக்கு டியூஷனுக்குப் போனாள். தனியாக விடக்கூடாது என்று உன்னைச் சைக்கிள் கேரியரில் உட்காரவைத்து அனுப்புவோம். நீ மூன்றாவது படித்துக்கொண்டிருந்தாய். மெயின் ரோட்டைக் கடக்கும்போது அவள் இறங்கி, ஒரு கையில் சைக்கிளையும் ஒரு கையில் உன்னையும் பிடித்துக்கொண்டு கடப்பாள். டியூஷன் வீட்டில் உனக்குத் தூக்கம் வந்தால் மடியில் போட்டுக்கொள்வாள். ஒருமுறை நாய் துரத்தியபோது நீ அழுது, அவள்தான் கல்லெடுத்து எறிந்தாள். வீட்டுக்கு வந்ததும் நான் உன்னைத்தான் கேட்பேன்: “அக்காவைப் பத்திரமாக் கூட்டிட்டு வந்துட்டியா?” நீ நெஞ்சை நிமிர்த்தி ஆமாம் என்பாய். எல்லோரும் சிரிப்போம். உன் அக்கா சிரித்ததாக எனக்கு நினைவில்லை. அந்த வயதில் உனக்குக் கொடுத்த உத்தியோகத்திலிருந்து உன்னை யாரும் ஓய்வுபெறச் சொல்லவில்லை. இப்போது துபாயில் உட்கார்ந்துகொண்டு அதே கேரியரிலிருந்துதான் பேசுகிறாய்.

மகேஸ்வரி நம் வீட்டுக்கு வந்த இந்த ஒன்றரை வருஷத்தில் என்ன செய்தாள் என்பது உனக்குத் தெரியாது. நீ அவளோடு இருந்தது மொத்தமே இரண்டு லீவு. தெருக்கோடிப் பேராசிரியர் வீட்டுப் பொமரேனியன் நாய் சாப்பிடாமல் கிடந்தபோது இவள் ஊசி போட்டு எழுப்பினாள். அதிலிருந்து நம் தெருவில் எனக்கு மரியாதை கூடிவிட்டது. ‘உங்க மருமக டாக்டராமே’ என்று கேட்பார்கள். உங்கப்பாவும் ஆமாம் என்பார், எந்த டாக்டர் என்று கேட்கிறவரைக்கும். வெள்ளை நாய், கழுத்தில் பட்டை, பெயர் வேறு இருக்கிறது. அதற்கு வைத்தியம் பார்த்தால் டாக்டர். மாட்டுக்குப் பார்த்தால் மாட்டு டாக்டர். இந்த வித்தியாசத்தை நம் தெருவில் யாரும் சொல்லித்தரவில்லை, எல்லோருக்கும் பிறக்கும்போதே தெரிந்திருக்கிறது. நம் வீட்டுக்கும் தெரிந்திருந்தது. உங்கப்பாவின் அப்பா இரண்டு மாடுகளின் பாலை ஊற்றித்தான் உங்கப்பாவைப் படிக்கவைத்தார். உங்கப்பா படித்ததால்தான் நீ படித்தாய். அந்த மாடுகள் பால் கொடுக்கவேண்டும் என்று தாமாகவே தீர்மானித்துக் கொடுத்ததாக நாம் மூன்று தலைமுறையில் நம்பத் தொடங்கிவிட்டோம்.

தை மாதம் நடந்ததை ராசேந்திரன் உனக்குச் சொன்னான். உன் பெரியப்பா மகன் என்பதால் அவன் சொன்னதை நான் பொய் என்று சொல்லமாட்டேன். பாதிதான் சொன்னான். மீதியை நான் சொல்கிறேன். நமக்குப் பால் ஊற்றுகிற சோலை ஒரு மத்தியானம் ஓடி வந்தார். வண்டியூர் கண்மாய்ப் பக்கம் கொட்டகையில் அவருடைய பசு கன்று போட முடியாமல் கிடக்கிறது, மாட்டாஸ்பத்திரி டாக்டர் வெளியூர் போயிருக்கிறார். வாசலில் நின்றுகொண்டு என்னிடம்தான் கேட்டார்: “அம்மா, பாப்பாவைக் கொஞ்சம் விடுவீங்களா?” பார், அங்கேயும் அதே சொல். நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் மகேஸ்வரி கொடியில் கிடந்த உன் பழைய சட்டையைச் சுடிதாருக்கு மேலே மாட்டிக்கொண்டு, தேங்காயெண்ணெய்ப் பாட்டிலையும் சோப்பையும் எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். உங்கப்பா ஸ்கூட்டரை எடுத்தார். நான் சோலையின் வீட்டுப் பெண்களோடு பின்னால் நடந்து போனேன்.

கன்றின் தலை திரும்பிக் கிடந்ததாம். அவள் தரையில் சாணியிலும் சகதியிலும் குப்புறப் படுத்து, தோள்வரை கையை உள்ளே விட்டாள். கொட்டகையைச் சுற்றிப் பத்துப் பதினைந்து ஆண்கள். அவர்கள் அவளைப் பார்க்கவில்லை, தம்பி. பசுவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒருவர் அதன் கழுத்தைத் தடவிக்கொண்டிருந்தார். நடுவில் மகேஸ்வரி, “யாராவது வாலைப் புடிங்கய்யா, வேடிக்கை பாத்தது போதும்” என்று அதட்டினாள். நம் வீட்டில் அந்தக் குரலை நான் கேட்டதே இல்லை. உங்கப்பாதான் ஓடிப்போய் வாலைப் பிடித்தார். பிடித்துவிட்டு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாமல் கண்மாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். கன்று உயிரோடு வந்தது. அந்தச் சமயம் பார்த்து மோட்டார் சைக்கிளில் போன ராசேந்திரனுக்கு மட்டும் கன்று தெரியவில்லை, பசு தெரியவில்லை. தெரிந்தது தன் தம்பி பெண்டாட்டி ஆண்களுக்கு நடுவில் ஆண்பிள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தரையில் கிடந்தது. அன்று சாயங்காலமே உனக்குப் போன் செய்திருக்கிறான். அவன் காசு செலவழித்து வெளிநாட்டுக்குப் பேசியது அதுவே முதல் தடவையாக இருக்கும்.

அதற்குப் பிறகு நீ கூப்பிட்ட நேரங்களை நான் கவனித்துக்கொண்டு வந்தேன். வெள்ளிக்கிழமை மட்டும் பேசிக்கொண்டிருந்தவன், செவ்வாய்க்கிழமை காலையில் கூப்பிட்டாய், புதன்கிழமை மத்தியானம் கூப்பிட்டாய். அவள் எடுத்தால், பின்னாடி என்ன சத்தம், ரோட்டுச் சத்தமா என்று கேட்டாய். நான் எடுத்தால் அவள் எங்கே என்று கேட்டாய். மிக்சி ஓடுகிற சத்தத்தை ஒருநாள் மோட்டார் சைக்கிள் என்று நினைத்து, அவள் சட்னி அரைத்தேன் என்று சொன்னதை நம்பாமல், என்ன சட்னி என்று கேட்டாய். அவள் தேங்காய்ச் சட்னி என்று பதில் சொல்லிவிட்டு ரிசீவரை வைத்தாள். அப்புறம் போய் மிக்சியை மறுபடி ஓடவிட்டாள். உன்னை நினைத்துத்தான் எனக்கு அன்றைக்குக் கவலையாக இருந்தது. கடல் கடந்து போய், பத்து தேசத்து ஆட்களோடு வேலை பார்க்கிறாய். உன் அறையில் ஒரு மலையாளியும் ஒரு பாகிஸ்தானியும் இருக்கிறார்கள், ஒரே சட்டியில் சமைக்கிறீர்கள் என்று எழுதியிருந்தாய். உலகத்தைப் பார்க்கப் போன நீ, சம்பளத்தில் பாதிக்குப் போன் கார்டு வாங்கி, கே.கே. நகரில் ஒரு சமையலறைக்குக் காவல் நிற்கிறாய். காவல் நிற்கிறவனாலும் அந்த இடத்தை விட்டு நகரமுடியாது என்பது உனக்குத் தெரிகிறதா? அவள் வாசலைத் தாண்டாமல் இருக்க, நீ அந்த வாசலிலேயே உட்கார்ந்திருக்கிறாய். துபாய்க்கு நீ இன்னும் போய்ச் சேரவே இல்லை.

உத்தரவு வந்தது. நீ விடாதீங்க என்றாய். “மாட்டுக்குச் சினை ஊசி போடுற பொம்பளைக்குப் புருசன்னு சொல்லிக்கிட்டு நான் எந்த மூஞ்சியோட ஊருக்கு வாரது?” என்றாய். உங்கப்பா ரிசீவரை மகேஸ்வரியிடம் நீட்டினார். அவள் உன்னிடம் ஒரே ஒரு வாக்கியம்தான் பேசினாள், “திங்கக்கிழமை சேர்றேங்க” என்று. நீ வைத்துவிட்டாய். அன்று மதியம் நான் அவளைத் தனியாகப் பிடித்து, அவன் சமாதானமானதும் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு போகக்கூடாதா அம்மா என்றேன். பழக்கதோஷம்தான், வேறென்ன. அவள் கோபப்படவில்லை. “சொல்லிட்டேன் அத்தை. கேக்கத்தான் இல்ல” என்றாள். நான் முப்பது வருஷம் தமிழிலும் ஆங்கிலத்திலும் கோப்புகளைத் தட்டியவள். சொல்வதற்கும் கேட்பதற்கும் உள்ள வித்தியாசம் எனக்கு அன்றைக்குத்தான் விளங்கியது.

உங்கப்பா இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மகன் ஒரு பக்கம், சமயநல்லூரில் கொடுத்த வாக்கு ஒரு பக்கம். சனிக்கிழமை பூராவும் மாடியில் நடந்தார். ஞாயிற்றுக்கிழமை காலை இட்லித் தட்டுக்கு முன்னால் உட்கார்ந்து, தொண்டையைச் செருமி, மகேஸ்வரியைக் கூப்பிட்டார். இவ்வளவு பெரிய முடிவை அவர் வாழ்க்கையில் எடுத்ததில்லை என்பது முகத்தில் தெரிந்தது. மகன் என்ன சொன்னாலும் தான் பார்த்துக்கொள்வதாகவும், யார் கேட்டாலும் தன் பொறுப்பு என்றும் சொல்லிவிட்டு, “நான் விடுறேம்மா” என்றார். அவள் கண் கலங்குவாள், காலைத் தொடுவாள் என்று எதிர்பார்த்தார் என்று நினைக்கிறேன். நானுமே எதிர்பார்த்தேன். அவள் அவருக்கு இன்னொரு இட்லி வைத்தாள். “சரிங்க மாமா. ஆரப்பாளையத்துல விட்டாப் போதும். அங்கயிருந்து தேனி பஸ்ஸுல போயிக்கிருவேன்” என்றாள்.

உங்கப்பா இட்லியைப் பிட்ட கை பிட்டபடி இருந்தது. அவள் கேலிக்குச் சொன்னாளா, நிஜமாகவே ஸ்கூட்டரில் பஸ் ஸ்டாண்டில் விடச் சொன்னாளா என்று இன்றுவரை அவருக்குத் தெரியவில்லை. முகத்தைப் பார்த்தால் ஒன்றும் கண்டுபிடிக்க முடியாது. ராத்திரி என்னிடம் கேட்டார். நான் எனக்கும் தெரியவில்லை என்றேன். பெட்ரோல் இருக்கிறதா என்று பார்த்து வைத்துக்கொள்ளுங்கள் என்று மட்டும் சொன்னேன். திங்கட்கிழமை விடிகாலையில் அவளை ஆரப்பாளையத்தில் விட்டுவிட்டும் வந்தார். யோசித்துப் பார்த்தால், ஒரு பெரிய மனிதர் ஒரு பெண்ணை விடுவதற்கு அதைவிடச் சரியான இடம் வேறு இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை.

இதையெல்லாம் நான் மகேஸ்வரிக்காக மட்டும் எழுதவில்லை. அவளுக்கு நான் வக்கீலாக வேண்டிய அவசியம் இல்லை. எனக்கு நடந்த ஒன்றை உன்னிடம் சொல்லவேண்டும். உங்கப்பாவுக்கும் இது புதிது. நான் ஓய்வு பெற்ற அடுத்த மாதம், பென்ஷன் வேலையாக டவுனுக்குப் போனேன். வேலை சீக்கிரம் முடிந்துவிட்டது. பெரியார் பஸ் நிலையத்தில் நின்றேன். உங்கப்பா ஊரில் இல்லை. நீ துபாயில், உனக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. வீட்டில் சமைக்கவேண்டியது இல்லை. கையில் பணம் இருந்தது, காலில் வலி இல்லை, சாயங்காலம்வரை என்னை யாரும் தேடமாட்டார்கள். எங்கே வேண்டுமானாலும் போகலாம். அத்தனை வருஷம் அலுவலக ஜன்னல் வழியாகப் பார்த்துப் பார்த்து, என்றைக்காவது இப்படி ஒரு மத்தியானம் கிடைக்காதா என்று ஏங்கியிருக்கிறேன். கிடைத்துவிட்டது. பஸ்களின் பலகைகளை ஒவ்வொன்றாகப் படித்தேன். அழகர்கோயில், திருப்பரங்குன்றம், மேலூர், சோழவந்தான். ஓரிடத்துக்கும் போகவேண்டும் என்று தோன்றவில்லை. களைப்பு இல்லை, பயமும் இல்லை. போக ஆசைப்படுகிற அந்த இடமே எனக்குள்ளே காலியாக இருந்தது. எது வேண்டும் என்று கேட்டால், விட்டால்தானே யோசிப்பது என்று இத்தனை வருஷம் தள்ளிப்போட்டிருக்கிறேன். இப்போது யோசிப்பதற்கு அங்கே ஆள் இல்லை. கே.கே. நகர் பஸ்ஸில் ஏறி வீட்டுக்கு வந்து, கதவைத் திறந்து, விளக்கைப் போடாமல் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தேன். என்னை யாரும் அடித்து அடைத்து வைத்ததில்லை, தம்பி. அன்பாகத்தான் விட்டார்கள், கொஞ்சம் கொஞ்சமாக. ஒருவேளை அதனால்தான் எனக்குத் தெரியாமல் போயிற்று.

மகேஸ்வரிக்கு எங்கே போகவேண்டும் என்று தெரிகிறது. ஆண்டிபட்டிக்கு அந்தப் பக்கம், பெயர்கூட நமக்கு வாயில் நுழையாத ஒரு ஊருக்கு, மாட்டுக்கும் ஆட்டுக்கும் வைத்தியம் பார்க்கப் போகவேண்டும். உனக்குக் கேவலமாகத் தெரிகிற அந்த ஆசை இன்னமும் அவளிடம் உயிரோடு இருக்கிறது. அதை அணைப்பது சுலபம். நீ எதுவும் செய்யவேண்டியதில்லை, கொஞ்ச வருஷம் இப்படியே புதன்கிழமை மத்தியானங்களில் போன் செய்துகொண்டிருந்தால் போதும். அப்புறம் நீயே பெருந்தன்மையாக விட்டாலும் அவள் போகமாட்டாள். அப்போது உனக்கு நிம்மதியாக இருக்குமா என்று நீயே யோசித்துக்கொள். உங்கப்பாவுக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. என்னைப் பற்றி அவருக்கு ஒரு கவலையும் இருந்ததில்லை.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவள் துணிகளை எடுத்து வைத்தாள். அந்த ஊரில் ஒரு அறை வாடகைக்குப் பேசியிருக்கிறார்களாம், சமயநல்லூரிலிருந்து அவள் அப்பா முந்தின நாளே போய்ப் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். நான் பக்கத்தில் உட்கார்ந்து புடவைகளை மடித்துக் கொடுத்தேன். பீரோ சாவியை எடுத்து என் முன்னால் வைத்தாள். “திரும்ப வரவேணாம்னு அவரு சொன்னது எனக்கும் கேட்டுச்சு அத்தை. நீங்களும் அதையே சொல்றதா இருந்தா இப்பவே சொல்லிருங்க. சாவியை வச்சிட்டுப் போறேன்” என்றாள். குரல் கெட்டியாகத்தான் இருந்தது. சாவியை வைத்த கை மட்டும் அதை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. இந்த வீடு உன் பெயரிலும் என் பெயரிலும் இல்லை, உங்கப்பா பெயரில் இருக்கிறது, அவருக்கு யாரையும் வெளியே போகச் சொல்கிற தைரியம் என்றைக்கும் இருந்ததில்லை, ஆகையால் சாவியை எடுத்து உள்ளே வைக்கச் சொன்னேன். அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதாள். சனிக்கிழமை சாயங்காலம் வருகிறேன் என்றாள். வா என்றேன்.

எல்லாம் எடுத்து வைத்த பிறகு கட்டிலைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அங்கே தலையணை கிடையாது, இங்கேயிருந்துதான் கொண்டுபோகவேண்டும். “ஒண்ணு எடுக்கவா, ரெண்டு எடுக்கவா அத்தை?” என்று கேட்டாள். வைகாசியில் நீ லீவில் வரும்போது அவளுக்கு லீவு கிடைக்காது, புதிதாகச் சேர்ந்தவளுக்குக் கொடுக்கமாட்டார்கள். நீ அங்கே போனால்தான் உண்டு. சினை ஊசி போடுகிறவளின் வீட்டில், மாட்டுக்காரர்கள் கதவைத் தட்டுகிற வீட்டில், நீ போய்ப் படுப்பாயா மாட்டாயா என்பதைத்தான் அவள் தலையணையில் கேட்டாள். நான் உன்னைப் பெற்றவள். உனக்கு எந்தப் பக்கம் ஒருக்களித்தால் தூக்கம் வரும் என்றுகூடத் தெரியும். இதற்கு மட்டும் எனக்குப் பதில் தெரியவில்லை. தலையணை உறையின் சுருக்கத்தை நீவிவிட்டேன். அவள் என் முகத்தைப் பார்த்தாள். பிறகு ஒன்றை மட்டும் எடுத்துப் பையில் திணித்து, ஜிப்பை இழுத்து மூடினாள்.

இன்னொன்று உன் கட்டிலில்தான் இருக்கிறது. உறையைத் துவைத்துப் போட்டிருக்கிறேன். வரும்போது நீயே எடுத்துக்கொண்டு போ. ஆரப்பாளையத்திலிருந்து தேனி பஸ் அடிக்கடி இருக்கிறது.

அம்மா